டிசி-டிசி சார்ஜர்: 'நேர்-நேர் மின்னேற்றி' சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

வேனிலேயே தங்கிப் பயணம் போகிறவர்களுக்கான மின்பெட்டிக் கையேடு முடியப்போகிறது. பெட்டிக்குள் 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, அதாவது 1,280 வாட்-மணி. சின்ன கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், இரண்டு எல்இடி விளக்கு, போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து நாளுக்கு 600 வாட்-மணி போட்டால் இரண்டு நாள் ஓடும். மற்ற உறுப்புகளுக்கெல்லாம் தமிழ்ச் சொல் கிடைத்துவிட்டது. வண்டி ஓடும்போது, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வாங்கிப் பெட்டிக்கு ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் மட்டும் இடிக்கிறது. இப்போதைக்கு 'நேர்-நேர் மின்னேற்றி' என்று வைத்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

——

> இப்போதைக்கு 'நேர்-நேர் மின்னேற்றி' என்று வைத்திருக்கிறேன்

வேண்டாம் ஐயா. பாடநூலில் 'நேர் மின்னூட்டம்' என்றால் பாசிட்டிவ். உங்கள் சொல்லைப் படிப்பவர் வண்டி பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பெட்டியின் பாசிட்டிவுக்குத் தடித்த ஒயர் ஒன்றை இழுத்து முடுக்கிவிட்டு 'நேருக்கு நேர் கொடுத்தாயிற்று' என்பார். எந்தத் தவறைத் தடுக்க இந்தக் கருவி வந்ததோ, அதையே செய்யச் சொல்கிறது இந்தப் பெயர்.

நேரே கட்டினால் என்ன ஆகும் என்பதைக் கையேட்டில் விரிவாகவே எழுதுங்கள். லித்தியம் பேட்டரிக்கு உள்தடை மிகக் குறைவு. காலியாகக் கிடந்தால், ஒயர் விடுகிற அளவுக்கெல்லாம் மின்னோட்டத்தை இழுக்கும். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகத்தான் சுற்றும், குளிர்ச்சி போதாது. சுருளும் டையோடும் சூடேறிப் போகும். இன்னொன்று, பேட்டரிக்குள் இருக்கும் காப்புப் பலகை (பிஎம்எஸ்) நடுவழியில் சட்டென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஒரே எகிறாக எகிறி டையோடை அடித்துவிடும்.

——

எங்கள் பக்கத்துப் பாடநூல்களில் நேரோட்டம் (டிசி), ஆடலோட்டம் (ஏசி) என்றுதான் படித்தோம். 'நேரோட்ட மின்னேற்றி' என்றால் பாசிட்டிவ் குழப்பம் வராதுதானே?

——

குழப்பம் தீரும், ஆனால் கருவி எதுவென்று தெரியாது. போன் சார்ஜர் வெளியே விடுவதும் நேரோட்டம்தான். சோலார் கன்ட்ரோலர் வாங்குவதும் விடுவதும் நேரோட்டம்தான். மின்சாரத்தின் வகையைப் பெயரில் வைப்பதைவிடக் கருவி செய்கிற வேலையை வைக்கலாமே.

வேலை இரண்டு. ஓட்டத்தை ஓர் அளவுக்கு மேல் விடாது, 30 ஆம்பியர் என்றால் 30தான். அடுத்தது, வரும் வோல்டேஜ் தாழ்ந்தாலும் 14.4க்கு உயர்த்திக் கொடுக்கும். பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக ஆல்டர்னேட்டர் அவ்வப்போது தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வெறும் ரிலே (இரு பேட்டரியையும் தானாக இணைக்கும் சுவிட்ச்) வைத்த பெட்டியில் ஒன்றும் ஏறாது.

ஏரித் தண்ணீரை அளந்து விடுவது மடை. தாழ்ந்த தண்ணீரை மேட்டுக்குக் கொண்டுவருவது ஏற்றம். 'மடையேற்றி' எப்படி?

——

சொல் அழகுதான். ஆனால் கடையில் போய் 'மடையேற்றி இருக்கா?' என்று கேட்டால் எதிரில் நிற்பவர் தன்னைத் திட்டுவதாக நினைப்பார். மடைக்குப் பதில் மதகு போடலாம்: 'மதகேற்றி'. பலகையை ஏற்றி இறக்கி அளவு வைப்பது மதகில்தான், அந்தப் பொருத்தமும் கிடைக்கிறது.

——

மதகேற்றிக்கு என் ஓட்டும் உண்டு. முதல் இடத்தில் 'மதகேற்றி எனும் டிசி-டிசி சார்ஜர்' என்று போட்டுவிட்டுப் பிறகு மதகேற்றி என்றே எழுதலாம். பொருத்தும் பத்தியை அந்தச் சொல்லோடு எழுதிப் பார்த்தேன், வெட்டித் திருத்துங்கள்:

"30 ஆம்பியர் மதகேற்றி 14.4 வோல்ட்டில் 432 வாட் தரும். உள்ளே வருவது 12.2 வோல்ட்டாக இருந்து, கருவியின் திறன் 90 விழுக்காடு என்றால், வண்டிப் பக்கம் 39 ஆம்பியர் ஓடும். ஆகவே 30க்குக் கணக்குப் போட்டு ஒயர் வாங்கக் கூடாது. எஞ்சினிலிருந்து பெட்டிவரை 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 10 சதுர மி.மீ. செம்பு ஒயரில் ஏறக்குறைய 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும்; 16 சதுர மி.மீ. போட்டால் 0.45க்குள் நிற்கும். ஒயரின் இரு கோடியிலும் பேட்டரி இருப்பதால் ஃபியூஸும் இரண்டு, 60 ஆம்பியர், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். ஒரு கோடியில் மட்டும் வைத்தால் நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டபோது மறுகோடிப் பேட்டரி அதை எரித்துவிடும். மதகேற்றியின் இக்னிஷன் ஒயரைச் சாவி போட்டால் மட்டும் மின் வரும் இடத்தில் கட்டவும்."

——

நன்றி, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 'சாணுக்குள்' பிரமாதம். 'உறைநிலைக்குக் கீழே பேட்டரி குளிர்ந்திருந்தால் மதகேற்றியை அணைத்து வைக்கவும்' என்று ஒரு வரி சேர்க்கிறேன், லடாக் போகிறவர்களுக்கு உதவும். அந்தக் குளிரில் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும்.

பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் எண்ண உதவும் ஷன்ட்டுக்குப் பாடநூல் சொல் 'இணைத்தடம்' என்றே விடட்டுமா?

——

அதையும் மாற்றுங்கள், இது இன்னும் ஆபத்து. பாடநூலில் அது கால்வனோமீட்டருக்கு (சிறு மின்னோட்டம் காட்டும் கருவி) பக்க இணைப்பு. இங்கே பேட்டரியின் நெகட்டிவ் பாதையில் தொடராக உட்கார வேண்டும். 500 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் என்றால் அதன் தடை 0.1 மில்லிஓம். 'இணை' என்ற சொல்லை நம்பி பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே மாட்டினால் ஸ்பானரைக் குறுக்கே போட்ட மாதிரிதான். 'அளவுத்தடை' என்று வையுங்கள்.

அதன் கீழே எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். இந்தப் பேட்டரி பெரும்பகுதி நேரம் 13.2, 13.3 வோல்ட்டிலேயே நிற்கும். வோல்ட்மீட்டரைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. அளவுத்தடை எண்ணுவதுதான் கணக்கு. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் அளவுத்தடைக்குப் போகும் ஒயர் ஒன்றைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜின் கறுப்பு ஒயரை அங்கே நேராகக் கட்டினால் அது தின்பது எண்ணப்படாது. அளவுத்தடையோடு இணைந்த மீட்டரின் திரை 70 விழுக்காடு மிச்சம் என்று காட்டிக்கொண்டிருக்கும், பெட்டி அணைந்துவிடும்.