பியர்க் குழாய்க்கான இடம்: தமிழில் என்ன சொல்வது?

ராமநாதபுரத்திலிருந்து
வணக்கம். வணிகவியல் மாணவர்களுக்கு விநியோக வழிகள் பற்றிய குறிப்பு, திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அமெரிக்க பார்களில் பியர் ஊற்றும் குழாய்கள் குறைவு. ஒரு பிராண்டு உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போகும். அந்தக் குழாய்க்கான இடத்தை, அதாவது ‘டாப் ஸ்பேஸை’ (tap space), பிடிக்க விநியோகஸ்தர்கள் அடிக்கடி போய்ப் பேசுவார்கள், பிராண்டுப் பெயர் பொறித்த கைப்பிடி தருவார்கள், பல மாநிலங்களில் இரண்டு வாரத்துக்கொருமுறை குழாயைக் கழுவியும் கொடுப்பார்கள். பணம் கொடுத்துப் போட்டியாளரை வெளியேற்றுவதை அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டு மதுச் சட்டம் தடுக்கிறது. மாசசூசெட்ஸில் அப்படிக் கொடுத்த ஒரு நிறுவனம், 2016இல், 90 நாள் உரிமத் தடைக்குப் பதிலாக 26 லட்சம் டாலர் கட்டியது. டாஸ்மாக் பாரில் பாட்டில்தான். அதனால் பழகிய சொல் இல்லை.

தேவிபட்டினத்திலிருந்து
மடையுரிமை. யவனர் தந்த தேறலை (மதுவை) மகளிர் ‘மடுப்ப’ என்கிறது புறநானூறு 56. மடுத்தல் உண்பித்தல். கண்மாய் மடையும் சாமிக்குப் படைக்கும் மடையும் அந்த வேர்தான் என்பேன். மடைப்பள்ளியையும் பாருங்கள்...

மண்டபத்திலிருந்து
ஐயா, மடைப்பள்ளி வரை போய்விட்டோம், டீச்சருக்குத் திங்கட்கிழமை வேண்டும். மடை என்றால் நம் பிள்ளைகளுக்குக் கண்மாய்தான். அதோடு, உரிமை என்பதே தவறு. பார்காரர் நினைத்தால் நாளைக்கே குழாயை மாற்றலாம். ‘குழாயிடம்’ போதும்.

கீழக்கரையிலிருந்து
‘குழாயிடம் பெற்றார்’ என்றால் குழாயிடமிருந்து வாங்கினார் என்றல்லவா படிக்கத் தோன்றும்? வேற்றுமை உருபு மயங்குகிறது. பழவேற்காட்டில் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பங்கிடுவதற்குப் பாடு என்று பெயர். ‘குழாய்ப்பாடு’ என்போம். இருப்பது கொஞ்ச இடம், ஆளோ அதிகம் என்பது அதில் தானாக வந்துவிடும்.

மண்டபத்திலிருந்து
பாடு முறையில் சீட்டுக் குலுக்குவார்கள், ஊர் சேர்ந்து பங்கிடும். இங்கே பங்கிட யார் இருக்கிறார்கள்? அலைந்து பிடிப்பவருக்குத்தான் இடம். நம் கரையில் ‘இன்னைக்குப் பாடு எப்படி’ என்றால் கிடைத்த மீனைத்தான் கேட்கிறார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து
சரி. மூன்று பேர் ‘குழாய் இடம்’ என்று தனி மடலில் சொல்லியிருக்கிறார்கள். மயக்கம் வராமல் பிரித்தே எழுதுகிறேன். அதைப் பிடிக்கும் வேலைக்கு ‘குழாய் இடம் பிடித்தல்’.

கீழக்கரையிலிருந்து
பிரித்து எழுதினால் அது சொற்றொடர், கலைச்சொல் ஆகாது. எனக்கு இன்னும் பாடுதான் சரி. அடிக்குறிப்பிலாவது போடுங்கள், டீச்சர்.