நிரலாக்கம் கற்றால் நேரம் நம் கைக்கு வருமா?

கேள்வி – பேரேடு

வணக்கம். மூத்தவள் பிறக்கும் வரை ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றினேன். அவள் இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். இளையவன் நடக்கத் தொடங்கியிருக்கிறான். முழுநேர அலுவலகப் பணிக்குத் திரும்ப இயலாத நிலையில், வீட்டிலிருந்தபடியே எனக்கு ஒத்துவரும் நேரத்தில் செய்யக்கூடிய வேலையை நாடி நிரலாக்கம் கற்கலாமா என்று யோசிக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் தொடங்கச் சொல்கிறார் ஒருவர், பைத்தானில் தொடங்கச் சொல்கிறார் இன்னொருவர். எனக்குக் கிடைப்பதோ இளையவன் உறங்கும் பகல் பொழுதும், இருவரும் உறங்கிய பிறகு மிஞ்சும் இரவும்தான். இப்படித் துண்டு துண்டாகப் படித்து இத்துறைக்குள் நுழைய முடியுமா?

மறுமொழி – காவல்முறை

மொழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வேலையின் வகையைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்வதும் விரும்பிய நேரத்தில் வேலை செய்வதும் வேறு வேறு. பயிற்சி நிலையங்களின் விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகின்றன. வலைத்தளங்களையும் செயலிகளையும் இயக்கும் கணினிகளான சர்வர்களைப் பராமரிக்கும் குழுவில் நான் இருக்கிறேன். என் முறை வரும் வாரத்தில் நள்ளிரவில் எச்சரிக்கை ஒலித்தாலும் எழுந்து உட்கார வேண்டும். அந்த நேரத்தில் குழந்தை அழுகிறது என்பதற்காகப் பழுது காத்திருக்காது. செயலிகளை உருவாக்கும் குழுக்களில் இரவு அழைப்பு குறைவு என்றாலும், அன்றாடக் கூட்டமும் வெளியீட்டுக்கு முந்தைய நெருக்கடியும் உண்டு.

திங்களன்று பெற்றுக்கொண்டு வெள்ளியன்று ஒப்படைத்தால் போதும் என்ற வகையைச் சேர்ந்த வேலைகளும் இருக்கின்றன: தரவுகளைச் சீர்செய்தல், மாத அறிக்கைகளைத் தானியங்கியாக்குதல், நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனைகள் எழுதுதல், சிறிய வலைத்தளங்களைப் பராமரித்தல் போன்றவை. இவற்றில் ஊதியம் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனால் நீங்கள் தேடுவது இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மறுமொழி – தரவுத்தறி

காவல்முறை சொன்னதோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் வெறுங்கையோடு வரவில்லை, தோழி. கணக்கறிவோடு வருகிறீர்கள். ஆகவே ஜாவாஸ்கிரிப்ட்டா பைத்தானா என்ற விவாதத்தை ஒத்திவைத்துவிட்டு, தரவுத்தளத்தில் உள்ள பதிவுகளைத் தேடவும் தொகுக்கவும் உதவும் எஸ்கியூஎல் மொழியில் தொடங்குங்கள். வங்கி அறிக்கையையும் பேரேட்டையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பதிவுகளைத் தேடியிருப்பீர்கள் அல்லவா? எஸ்கியூஎல்லில் அதற்கு லெஃப்ட் ஜாயின் என்று பெயர். இணை கிடைக்காத வரிசைகள் வெற்றிடத்தோடு வெளியே வந்து நிற்கும். கணக்குத் தலைப்புவாரியாகத் தொகை கூட்டுவதற்கு குரூப் பை. கணினியியல் மாணவர்களுக்குப் புதிதாகப் படும் இக்கருத்துகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. எழுதும் முறை மட்டுமே புதிது.

அதன் பிறகு பைத்தான். அட்டவணைத் தரவை எளிய எழுத்தாகச் சேமிக்கும் சிஎஸ்வி கோப்புகளைப் படிப்பதற்கும், ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தைக் கையாள்வதற்கும் வேண்டிய கருவிகள் அதனுடனேயே வருவதால், தனியாக எதையும் நிறுவாமல் உங்கள் பழைய அலுவலக வேலை ஒன்றையே நிரலாக எழுதிப் பார்க்கலாம். மாதிரித் தரவை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் உண்மையான கணக்குகளைத் தொடாதீர்கள். அத்தகைய ஒரு நிரல், வேலை தருபவரிடம் பத்துச் சான்றிதழ்களைவிட அதிகம் பேசும்.

மறுமொழி – இடைவேளை

துண்டு நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1962ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் ஸ்டெபானி ஷெர்லி, குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்ட பெண்களைக் கொண்டு ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய வீடுகளில் கணினி இல்லை. நிரலின் படிகளைக் காட்டும் செயல்வழிப் படத்தைத் தாளில் வரைந்து, கையால் நிரல் எழுதி, அஞ்சலில் அனுப்பினார்கள்; அது அட்டையிலோ நாடாவிலோ துளைகளாகப் பதியப்பட்ட பிறகே கணினியை எட்டியது. கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் இப்படி வீட்டிலிருந்து எழுதப்பட்டதுதான். பெண் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால் அவர் ஸ்டீவ் என்று கையெழுத்திட நேர்ந்தது என்பது வேறு கதை. வேலையைத் தெளிவான பகுதிகளாகப் பிரித்து, முடித்த பகுதிக்கு மட்டும் பொறுப்புக் கேட்டால், எந்த மணி நேரத்தில் செய்யப்பட்டது என்பது பொருட்டே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

படிப்பதற்கும் அதே முறைதான். இடையில் எழ நேர்வதைத் தடுக்க முடியாது. திரும்ப வந்ததும் விட்ட இடத்தைத் தேடுவதில்தான் நேரம் வீணாகிறது. எனவே எழுவதற்கு முன், அடுத்து எழுத வேண்டியதை ஒரு குறிப்பு வரியாக நிரலுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். நிரலில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியைத் தொடக்கத்திலேயே பழகிக்கொண்டு, சிறு மாற்றத்தையும் ஒரு வரி விளக்கத்தோடு சேமியுங்கள். பகல் துண்டுகளில் சிறு பயிற்சிகள், இரவில் புதிய கருத்துகள் என்று பிரிக்கச் சிலர் சொல்வார்கள். களைத்த இரவில் புதிய கருத்து மண்டையில் ஏறாது என்பதால் நான் அதை மாற்றியே சொல்வேன்.

பேரேடு

அனைவருக்கும் நன்றி. ஒரு பயிற்சி நிலையம் வேலை உறுதி என்று கூறிப் பெருந்தொகை கேட்கிறது. கடன் வாங்கியாவது சேரலாமா?

மறுமொழி – காவல்முறை

இப்போது வேண்டாம். 2014 முதல் இயங்கும், நிரலாக்கம் கற்பிக்கும் ஃப்ரீகோட்கேம்ப் தளமும், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினியியல் அறிமுகப் பாடமும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் சில மாதங்கள் படித்து, இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் பிறகும் அங்கே சேர விரும்பினால், வேலை உறுதி என்பதன் நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள்: எந்த வகை வேலை, பகுதிநேர வேலையும் கணக்கில் சேருமா, இடையில் நின்றால் பணம் திரும்புமா, பதிவு செய்த பாடங்களா அல்லது குறித்த நேரத்தில் நேரலையில் இருந்தாக வேண்டுமா. இளையவனை வைத்துக்கொண்டு குறித்த நேரத்தில் அமர முடியாது என்றால், கடைசிக் கேள்விக்கான பதிலே உங்களுக்குப் போதுமானது. தொடக்கநிலை வேலைகளுக்குப் போட்டி கடுமையாக இருப்பதால், திருப்பிச் செலுத்தும் தவணை வேலைக்கு முன்னால் வந்துவிடக் கூடாது.