ஒரே வழி, இரண்டு கட்டணம்: லண்டன் டியூபில் பீக் நேரம் எப்படிக் கணக்காகிறது?

கிழக்குவாசல்:
ஈஸ்ட் ஹாம் – வெஸ்ட்மின்ஸ்டர். லண்டன் டியூப் எனும் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைனில் நேர் ரயில், மாறத் தேவையில்லை. கான்டாக்ட்லெஸ் (தொட்டாலே காசு கழியும்) வங்கி கார்டு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.22-க்கு உள்ளே போய் 9.55-க்கு வெளியே வந்தால் 3.80 பவுண்டு கழிகிறது. பின்னேரம் 5.40-க்குத் திரும்பி வந்தாலும் அதே 3.80. ஆனால் அதே 5.40-க்கு ஈஸ்ட் ஹாமில் ஏறி வெஸ்ட்மின்ஸ்டருக்கு இரவு வேலைக்குப் போகிறவருக்கு 3.10 மட்டும்தான். (இவை 2025 மார்ச் கட்டணப்படி.)

ஏறும் நேரத்தைப் பார்க்கிறார்களா, இறங்கும் நேரத்தையா? பின்னேரம் மட்டும் ஏன் இந்தப் பாகுபாடு? வெள்ளிக்கிழமை முழுநாளும் ஆஃப்-பீக், அதாவது பீக் எனும் கூட்ட நேரக் கூடுதல் கட்டணம் இல்லாத நேரம், என்று சிலர் சொல்கிறார்களே, அது உண்மையா?

கேட்லைன்:
ஏறும் நேரம்தான். அதிலும் ரயில் வரும் நேரம் இல்லை, நுழைவு கேட்டில் இருக்கும் மஞ்சள் ரீடரில் கார்டு பட்ட நேரம். 9.22-க்கு டச் செய்துவிட்டு பிளாட்பாரத்தில் பத்து நிமிடம் நின்று 9.32 ரயிலில் ஏறினாலும் அது பீக் பயணமே. மாறாகக் காலை 6.27-க்கு டச் செய்தவர் 7.15-க்கு இறங்கினாலும் ஆஃப்-பீக். வழியில் லைன் மாறுவதால் எதுவும் மாறாது, முதல் டச்தான் கணக்கு.

பீக் நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30–9.30, மாலை 4.00–7.00. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் பீக் கிடையாது.

மாலையில் ஒரு விலக்கு உண்டு. 4 முதல் 7 வரை சோன் 1-க்கு (அதாவது லண்டனின் நடுப்பகுதி, வெளியே போகப் போக சோன் எண் கூடும்) வெளியே ஏறி சோன் 1-க்குள் இறங்கினால் ஆஃப்-பீக் கட்டணம். அந்த நேரத்தில் கூட்டமெல்லாம் நகரத்திலிருந்து வெளியே போகும், உள்ளே வரும் ரயிலில் இடம் கிடைக்கும். இரவு வேலைக்குப் போகிறவருக்கு 3.10 விழுவது இதனால்தான்.

இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று: பயணம் சோன் 1-க்குள் *முடிய* வேண்டும். மாலை 5 மணிக்கு ஈஸ்ட் ஹாமில் ஏறி, சோன் 1-ஐக் கடந்து டூட்டிங் பிராட்வேயில் இறங்கினால் அது சோன் 3, எனவே பீக். காலையில் இப்படி ஒரு விலக்கே இல்லை. 8 மணிக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் ஏறி காலி ரயிலில் ஈஸ்ட் ஹாம் வருகிறவரும் முழுப் பீக் கட்டணம் கட்ட வேண்டியதுதான். என்னைக் கேட்டால் அது நியாயமில்லை, ஆனால் விதி அப்படி.

வெள்ளிக்கிழமை விஷயம் பழைய கதை. 2024 மார்ச் 8 முதல் மே 31 வரை வெள்ளிக்கிழமைகளில் நாள் முழுக்க ஆஃப்-பீக் என்று சோதனை நடந்தது. அதோடு முடிந்தது. இன்றும் அதை நம்பி வெள்ளி காலை போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹாரோமேடு:
9.30 வரை காத்திருப்பதில் லாபம் உண்டா என்பது நீங்கள் இருக்கும் சோனைப் பொறுத்தது. 2025 மார்ச் கட்டணப்படி சோன் 1-க்குள்ளேயே சுற்றினால் பீக் 2.90, ஆஃப்-பீக் 2.80. பத்து பென்ஸுக்காக யாரும் கேட் வாசலில் நிற்க வேண்டாம். சோன் 1–3-இல் வித்தியாசம் 70 பென்ஸ். சோன் 1–4-இல் 4.60, 3.40 என்று 1.20 பவுண்டு ஆகிவிடும். சோன் 1–6-இல் 5.80, 3.80, முழுதாக இரண்டு பவுண்டு. வெம்பிளி, ஹாரோ பக்கத்துக்காரர்களுக்குத்தான் இந்தக் கணக்கு உறைக்கும்.

ஈஸ்ட் ஹாம் சோன் 3, 4 இரண்டிலும் சேர்ந்த ஸ்டேஷன். நகரத்துக்குப் போகும்போது மலிவான சோன் 3 ஆகவே எடுத்துக்கொள்வார்கள், அதனால்தான் உங்களுக்கு 3.80. ஐந்து நாளும் போவதென்றால் பேசாமல் வார டிராவல்கார்டு (ஒரு வாரம் எத்தனை தடவையும் போகலாம் என்ற சீட்டு) வாங்கிவிடுங்கள், நேரமே பார்க்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
டிராவல்கார்டு வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். எத்தனை தடவை போனாலும் ஓர் உச்சவரம்புக்கு மேல் காசு கழியாது. 2025 மார்ச் கட்டணப்படி சோன் 1–3 வார உச்சவரம்பு 52.50 பவுண்டு, நாள் உச்சவரம்பு 10.50. வார டிராவல்கார்டின் விலையும் அந்த 52.50-தான்.

ஐந்து நாள், பத்துப் பயணம், எல்லாமே பீக் என்றாலும் 38.00. காலைப் பயணத்தை மட்டும் 9.30-க்குப் பின் தள்ளினால் 34.50. இரண்டு பக்கமும் ஆஃப்-பீக் என்றால் 31.00. எப்படிப் பார்த்தாலும் 52.50-ஐ நெருங்கவில்லை. இவருக்கு டிராவல்கார்டு வாங்கினால் வாரத்துக்குக் குறைந்தது 14.50 பவுண்டு தண்டம்.

தினமும் மூன்று, நான்கு தடவை டியூபில் ஏறுகிறவருக்குக் கதை வேறு. மூன்று பீக் பயணம் 11.40 ஆகும், ஆனால் 10.50-உடன் நின்றுவிடும். அப்படிப்பட்ட நாளில் 9.30-க்காகக் காத்திருந்து மிச்சம் பிடிக்கும் 70 பென்ஸ் பெரும்பாலும் உச்சவரம்பில் கரைந்துவிடும். நாள் என்பது அதிகாலை 4.30-க்குத் தொடங்கி மறுநாள் 4.29-க்கு முடியும். வாரக் கணக்கு திங்கள் முதல் ஞாயிறு வரை. புதன்கிழமை தொடங்கி அடுத்த செவ்வாய் வரை என்று அது நகராது.

பஸ்ஸுக்குப் பீக்கே கிடையாது. எந்த நேரமும் ஒரே கட்டணம் (2025 மார்ச்சில் 1.75), முதல் டச்சிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த பஸ்கள் இலவசம். ஏறும்போது மட்டும் டச் செய்தால் போதும்.

இன்னொன்று. வேலை ஆல்ட்கேட் ஈஸ்ட் பக்கம் என்றால் ஒரு ஸ்டேஷன் முன்னால் வைட்சாப்பலில் இறங்கிப் பாருங்கள். வைட்சாப்பல் சோன் 2, ஆல்ட்கேட் ஈஸ்ட் சோன் 1. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நடை. சோன் 1-ஐத் தொடாததால் கட்டணம் நன்றாகக் குறையும், பீக்–ஆஃப்-பீக் வித்தியாசத்தைவிட இதில் மிச்சம் அதிகம். வெஸ்ட்மின்ஸ்டருக்கு இது உதவாது, தெரியும். இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

கிழக்குவாசல்:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். உள்ளே போகும்போது போனிலும் வெளியே வரும்போது கார்டிலும் டச் செய்த ஒரு நாளில் கழிந்த காசு இந்தக் கட்டணம் எதிலும் அடங்கவில்லை. இரண்டும் ஒரே வங்கிக் கணக்குதானே? மற்றது, அம்மாவின் ஃப்ரீடம் பாஸுக்கும் (முதியோருக்கான இலவசப் பயண அட்டை) இந்த 9.30 பொருந்துமா?

கேட்லைன்:
வங்கிக் கணக்கு ஒன்றுதான், ஆனால் ரீடர் பார்ப்பது வங்கிக் கணக்கை இல்லை. போனில் ஏற்றிய கார்டுக்குள் இருக்கும் எண் வேறு, பிளாஸ்டிக் கார்டின் எண் வேறு. அதனால் உள்ளே போய் வெளியே வராத ஒருவர், உள்ளே போகாமல் வெளியே வந்த இன்னொருவர் என்று இரண்டு அரைகுறைப் பயணங்களாகப் பதிவாகியிருக்கும். இரண்டுக்கும் தனித்தனியே அதிகபட்சக் கட்டணம். பீக்கும் உச்சவரம்பும் இதில் எடுபடாது. டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து நிர்வாகம்) இணையக் கணக்கில் போனையும் கார்டையும் சேர்த்துக்கொண்டால் பயணம் பயணமாகப் பிரித்துக் காட்டும், விடுபட்ட டச்சுக்கு அங்கேயே பணம் திரும்பக் கேட்கலாம். வங்கி அறிக்கையில் ஒரு நாளுக்கு ஒரே தொகைதான் வரும், அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

முதியோர் ஃப்ரீடம் பாஸுக்கு 9.30 இல்லை, 9.00. திங்கள் முதல் வெள்ளி வரை டியூபிலும் பஸ்ஸிலும் 9 மணியிலிருந்து செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கான 60+ ஓய்ஸ்டர் அட்டைக்கும் இதேதான். மற்ற கம்பெனிகளின் ரயில்கள் பலவற்றில் 9.30. ஆகவே அம்மா 9.05-க்குப் போனால் இலவசம், அதே கேட்டில் நீங்கள் பீக் கட்டுவீர்கள். ஆஸ்பத்திரிக்கு 8.30-க்கே போக வேண்டிய நாளில் சொந்த கார்டில் டச் செய்து உள்ளே போனால், அதே கார்டிலேயே வெளியே வரச் சொல்லுங்கள். அதற்குள் 9 ஆகிவிட்டதே என்று பாஸை எடுத்து நீட்டினால் போன்–கார்டு கதைதான் மறுபடியும்.

ஹாரோமேடு:
டிராவல்கார்டு கணக்கில் நான் சொன்னது தப்பு, கணக்குப்பிள்ளை சொல்வதே சரி.

வீட்டில் 16–25, 26–30 அல்லது சீனியர் ரயில்கார்டு (ரயில் கட்டணத் தள்ளுபடி அட்டை) யாரிடமாவது இருந்தால் அதை ஓய்ஸ்டரில் (பணம் ஏற்றிப் பயன்படுத்தும் டிஎஃப்எல் பயண அட்டை) சேர்த்துவிடுங்கள், ஆஃப்-பீக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். கான்டாக்ட்லெஸ்ஸில் சேர்க்க முடியாது. டியூப் ஸ்டேஷனில் ஊழியரிடம் ரயில்கார்டையும் ஓய்ஸ்டரையும் கொடுத்தால் டிக்கெட் மெஷினிலேயே ஏற்றித் தருவார். ரயில்கார்டு காலாவதியாகும் நாளில் தள்ளுபடி சத்தமில்லாமல் நின்றுவிடும், புதுப்பித்ததும் திரும்பவும் ஊழியரிடம் போக வேண்டும். பீக் நேரத்தில் இந்தத் தள்ளுபடி கிடையாது, ஆனால் மாலை 5.40-க்கு ஈஸ்ட் ஹாமிலிருந்து உள்ளே போகும் அந்த இரவு வேலைக்காரருக்குக் கிடைக்கும், அவருடையது ஆஃப்-பீக் பயணம்தானே.

ஹீத்ரோவுக்கு மட்டும் இவை எதையும் நம்பி நேரம் பார்க்காதீர்கள். 2022 செப்டம்பரிலிருந்து ஹீத்ரோவுக்கும் சோன் 1-க்கும் இடையே டியூபில் எந்த நேரமும் பீக் கட்டணம்தான், ஞாயிறு இரவு 11 மணியானாலும் சரி. எலிசபெத் லைனில் அதே தூரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.