தேன் பெட்டி: பிளாஸ்டிக்கா, மரமா?

தென்னந்தோப்பு:
தென்காசி பக்கம் 6 ஏக்கர் தென்னை, வரப்போரம் முருங்கை. அடுக்குத் தேனீ (பெட்டியில் வளரும் நாட்டுத் தேனீ) 15 பெட்டி வைக்க யோசனை. பிளாஸ்டிக் பெட்டி விற்பவர் கரையான் அரிக்காது, மழையில் ஊறாது, கழுவிக்கொள்ளலாம் என்கிறார். ஆசாரியோ மரம்தான் ஈக்கு ஒத்துக்கொள்ளும் என்கிறார். இரண்டு பேரும் அவரவர் சரக்கைத்தான் பேசுகிறார்கள். சித்திரை வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி மழை மூன்றுக்கும் எது தாங்கும்? மரம் என்றால் எந்த மரம்?

குழித்துறைக்காரன்:
மரமா பிளாஸ்டிக்கா என்பதற்கு முன்னால் அளவைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் பல, இத்தாலியத் தேனீக்கான லாங்ஸ்ட்ராத் அளவில் வருபவை. அதன் புழு அறைச் சட்டம் (முட்டை, புழு வளரும் கீழ் அறையில் ஈ அடை, அதாவது மெழுகுக் கூடு, கட்டும் மரச்சட்டம்) 44.8 செ.மீ நீளம், 23.2 செ.மீ உயரம். நம் ஊர் அடுக்குத் தேனீக்கு நியூட்டன் பெட்டிதான் பொருத்தம்: சட்டத்தின் உள்ளளவு 20.6 x 14.4 செ.மீ, தேன் அறைச் சட்டம் 20.6 x 6.2 செ.மீ, புழு அறைக்கு 7 சட்டம். சின்னக் கூட்டத்தைப் பெரிய பெட்டியில் விட்டால் ஈ மூடாத அடையெல்லாம், அடையைத் தின்னும் மெழுகுப் பூச்சிக்குப் போய்விடும். அடுத்து கூட்டமே ஓடிப்போகும்.

இரண்டாவது, தேனீ இடைவெளி. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் 7, 8 மி.மீ இருக்க வேண்டும். சாதாரண பென்சில் கிட்டத்தட்ட 7 மி.மீ. சட்டத்தைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் பென்சிலை விடுங்கள். உரசாமல் போக வேண்டும். சுண்டுவிரல் போனால் இடைவெளி அதிகம், அங்கே குறுக்கு அடை கட்டும். பென்சிலே போகவில்லை என்றால் ஈ நசுங்கும், சட்டம் சுவரோடு ஒட்டும். பிளாஸ்டிக் அச்சு ஒரே அளவாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அச்சே தப்பாக இருந்தால் 15 பெட்டியும் ஒரே மாதிரி தப்பாக இருக்கும்.

இன்னொன்று, விற்பவர்கள் சொல்லாதது. இத்தாலியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து சந்துபொந்தை அடைத்துவிடும். அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. மூடி வெயிலில் முறுக்கிக்கொண்டு ஒரு மூலையில் 4 மி.மீ தூக்கினால் அந்தச் சந்து அப்படியே கிடக்கும். எறும்பும் மெழுகுப் பூச்சியும் அது வழியாகத்தான் நுழையும்.

சாரல்:
வெயில் பற்றி. புழு இருக்கும் இடத்தை ஈக்கள் 34, 35 டிகிரியில் வைத்துக்கொள்ளும். மரப் பலகை 22 மி.மீ கனம். ஒற்றைச் சுவர் பிளாஸ்டிக் 3, 4 மி.மீ, போதாக்குறைக்கு அது மரத்தைவிட வேகமாகச் சூட்டை உள்ளே விடும். மதியம் 2 மணிக்குப் பாதி ஈ விசிறுவதற்கும் தண்ணீர் சுமப்பதற்கும் போய்விடும், மீதி வாசலில் தாடி மாதிரி தொங்கும். தேன் நிறைந்த புது அடை 40 டிகிரிக்கு மேல் இளகி, சட்டத்திலிருந்து அறுந்து விழும். உங்களுக்குத் தென்னை நிழல் இருப்பதால் பாதிக் கவலை இல்லை. ஆனால் தென்னை நிழல் நகரும். மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து இடம் குறியுங்கள்.

மழைக்காலத்தில் கதை வேறு. பூவிலிருந்து வரும் மது நூற்றுக்கு 40 பங்கு சர்க்கரை என்று வைத்தாலும், ஒரு கிலோ தேனாக வற்றுவதற்குள் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். மரச்சுவர் அதில் கொஞ்சத்தை இழுத்து, வெயில் கண்டதும் வெளியே விடும். பிளாஸ்டிக் இழுக்காது. காலையில் மூடியைத் திறந்தால் உட்புறம் முத்து முத்தாக நீர் நிற்கும், அது அடை மேல் சொட்டும், மகரந்தம் பூசணம் பிடிக்கும். பிளாஸ்டிக்தான் என்றால் மேல்மூடியின் இரு பக்கமும் 2.5 செ.மீ துளை போட்டு உள்ளே மெல்லிய கம்பி வலை அடியுங்கள். பெட்டியை வாசல் பக்கம் ஒரு விரற்கடை சாய்த்து வைத்தால் தண்ணீர் வெளியே ஓடிவிடும்.

ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். காலிப் பிளாஸ்டிக் பெட்டி தாக்குப்பிடிக்காது. எந்தப் பெட்டியானாலும் வாசலைக் கிழக்கே வைத்து, மூடி மேல் கல் வையுங்கள், தாங்கியோடு சேர்த்துக் கயிறும் போடுங்கள்.

ஆசாரிப்பட்டறை:
மரத்தில் ஏமாறும் இடம் ஈரம். பச்சைப் பலகை அகலவாக்கில் நூற்றுக்கு 4, 5 பங்கு சுருங்கும். 17 செ.மீ பலகையில் 7, 8 மி.மீ போய்விடும், அதாவது ஒரு தேனீ இடைவெளி முழுசாக! கட்டும்போது சரியாக இருந்த பெட்டியில் ஆறு மாதத்தில் தேன் அறைச் சட்டம் புழு அறைச் சட்டத்தோடு ஒட்டிக்கொள்வது இதனால்தான். இரண்டு பலகையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரப் பலகை மொத்தென்று கேட்கும்.

தேக்கு நன்றாக உழைக்கும். கனமும் விலையும் அதிகம். பலா, அயனி தாராளமாகப் போதும். ரப்பர் மரம் மலிவு, ஆனால் மாவுச்சத்து நிறைய. மருந்து ஏற்றாவிட்டால் சில வாரத்தில் நீலம் பாய்ந்து பூசணம், பிறகு வண்டு துளைத்து வெள்ளைப் பொடி கொட்டும். போராக்ஸ், போரிக் அமிலம் ஏற்றியதை வாங்கினாலும் அந்த மருந்து மழையில் கரைந்து போகும், அதனால் வெளிப்புறம் பெயிண்ட் கட்டாயம். பிளைவுட் வேண்டாம், விளிம்பில் தண்ணீர் ஏறி ஏடு ஏடாகப் பிரியும்.

வெளிப்பக்கம் வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட். உட்பக்கம் எதுவும் அடிக்கக் கூடாது. வாடை போக இரண்டு வாரம் காற்றாட விட்டு, பழைய மெழுகை உட்சுவரில் தேய்த்துவிட்டுக் கூட்டத்தை விடுங்கள்.

கரையான் பயம் பெட்டியைத் தரையில் வைப்பவர்களுக்கு. நான்கு கால் தாங்கி, ஒவ்வொரு காலுக்கும் கிண்ணம், அதில் தண்ணீர், மேலே நாலு சொட்டு எண்ணெய். எறும்பும் ஏறாது. கிண்ணத்தில் சருகு விழுந்து பாலம் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தென்னந்தோப்பு:
நன்றி. மரப் பெட்டியே எடுத்து, சட்டம் மட்டும் பிளாஸ்டிக்கில் போடலாமா? கழுவிக்கொள்ளலாம் என்பதுதான் இழுக்கிறது.

குழித்துறைக்காரன்:
வேண்டாம். பிளாஸ்டிக் சட்டத்தில், ஈ அடை கட்டத் தொடங்குவதற்கு ஒரு தாள் இருக்கும். அந்தத் தாளில் அச்சடித்த அறை பெரும்பாலும் 5.4 மி.மீ, இத்தாலியத் தேனீக்கானது. அடுக்குத் தேனீயின் வேலைக்கார ஈ அறை 5 மி.மீட்டருக்கும் குறைவு. கட்டாமல் விடும், அல்லது தாளை விட்டுவிட்டு இரண்டு சட்டத்துக்கும் நடுவில் கோணல் அடை கட்டும். மரச்சட்டத்தின் மேல்கட்டையில், அடிப்பக்கம் நடுவாக ஒரு கோடு மெழுகு உருக்கி ஊற்றினாலே போதும், அதைப் பிடித்துக்கொண்டு நேராக இறக்கும்.

கழுவும் விஷயம் பாதி உண்மை. பிளாஸ்டிக்கைச் சுடுதண்ணீரும் சலவைச் சோடாவும் போட்டுத் தேய்க்கலாம், ஊதுவிளக்கால் தீய்க்க முடியாது. மரப் பெட்டியின் உட்புறத்தை லேசாகப் பழுப்பேறும் வரை, மூலைகளில் கொஞ்சம் கூடுதலாகத் தீய்த்தால் மெழுகுப் பூச்சி முட்டை சந்துக்குள் இருந்தாலும் மிஞ்சாது. 1991, 92இல் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீயைத் துடைத்தெடுத்த தாய்லாந்துப் பைப்புழு நோய் மாதிரி வைரஸ் வந்தால் பெட்டி எதுவானாலும் காப்பாற்றாது.

சாரல்:
பிளாஸ்டிக்கை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். சர்க்கரைப் பாகு வைக்கும் தட்டு, ராணி ஈ தேன் அறைக்கு ஏறாமல் தடுக்கும் ராணித் தடுப்பு, தாங்கியின் கிண்ணம் எல்லாம் பிளாஸ்டிக்கே மேல். தேனுக்காக ரப்பர் தோட்டத்துக்கு மாசியில் பெட்டிகளை ஏற்றி இறக்குபவர்களுக்குக் கனம் குறைவது பெரிய லாபம். உங்கள் பெட்டி ஒரே இடத்தில் நிற்கப் போகிறது.

வெப்பத்துக்கு நல்லது என்று தெர்மாகோல் வகைப் பெட்டியை யாராவது சொன்னால், அது ஃபின்லாந்து மாதிரி குளிர் நாட்டுச் சரக்கு. இங்கே எறும்பு அதற்குள்ளேயே குடையும், எலி கொறிக்கும்.

அப்படியும் ஆசை இருந்தால் இரட்டைச் சுவர் பிளாஸ்டிக்கில் இரண்டு மட்டும் வாங்குங்கள். வாங்கும் முன் மூடியை மதிய வெயிலில் இரண்டு மணி நேரம், மேலே இரண்டு செங்கல் ஏற்றி வைத்துவிட்டு, சமமான தரையில் கவிழ்த்துப் பாருங்கள். நான்கு மூலையும் தரையில் படியவில்லை என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.