வீட்டிலேயே வாட்டர் கூலிங்: ரேடியேட்டர் விஷயத்தில் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸருக்கு நானே வாட்டர் கூலிங் செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன். மதுரை வெயிலில் ரெண்டரிங் போட்டால் 90 டிகிரியைத் தொடுகிறது. அதுதான் அதன் உச்ச வரம்பு, அங்கே போனதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ரெடிமேட் செட் வாங்கலாம்தான், ஆனால் செய்து பார்க்கும் ஆசை யாரை விட்டது?

செம்பு வாட்டர் பிளாக் (பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்) வாங்கியாகிவிட்டது. பம்ப்புக்கு ஏர்கூலரில் போடும் 230 வோல்ட் மோட்டார் இருக்கிறது. சிக்கல் ரேடியேட்டரில்தான், அதாவது சூடான தண்ணீரை ஆற வைக்கும் பாகத்தில். பழைய கார் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு கொடுக்கும் சின்ன ரேடியேட்டர்) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அலுமினியம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும் என்பது தெரியும். டிஸ்டில்டு வாட்டரோடு கார் கூலன்ட் கலந்தால் தாக்குப்பிடிக்குமா? இல்லை, செம்பு அல்லது பித்தளைக் கோர் கிடைக்கும்வரை காத்திருக்கலாமா? மதுரை, திருச்சி பக்கம் அது எங்கே கிடைக்கும்?

ஐஸ் போடச் சொல்பவர்கள் மன்னிக்கவும், குழாய் வியர்த்து மதர்போர்டு நனைந்துவிடும்.

அப்புறம், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பம்ப்பும் ஓட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைக்கப்போகிறேன். பம்ப் நின்றால் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும்படி ஃப்ளோ சென்சார் (தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் கருவி) இணைத்தவர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று படத்தோடு சொல்லுங்கள்.