புதுப்பிப்பு: அப்பாவின் மாத்திரை நேரமும் இட்லி நேரமும்

போன மாதம் எழுதியிருந்தேனே, பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் உள்ள அப்பாவுக்குக் காலை மாத்திரை போட்டும் பத்தரை மணி வரை கை கால் விறைப்பு விடவே மாட்டேன் என்கிறது என்று, அதன் தொடர்ச்சி இது.

தப்பு எங்கள் அடுப்படியில்தான் இருந்திருக்கிறது. அந்த நோய்க்கான லெவோடோபா மாத்திரையை இட்லி, சாம்பார், அவித்த முட்டையோடு சேர்த்தே கொடுத்துக்கொண்டிருந்தோம். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் அந்த மருந்தும் குடலில் ஒரே வழியில் ஏறப் போட்டி போடுமாம், மதுரை மாட்டுத்தாவணியில் கடைசி பஸ்ஸுக்கு முண்டியடிப்பது மாதிரி. இப்போது ஏழு மணிக்கு வெறும் தண்ணீரில் மாத்திரை, ஏழரைக்கு மேல்தான் சாப்பாடு. முட்டையும் பருப்பும் இரவுக்குப் போய்விட்டன (டாக்டரிடம் கேட்டுத்தான், புரதத்தின் அளவைக் குறைக்கவில்லை). எட்டு மணிக்கெல்லாம் சட்டைப் பொத்தானை அவரே போடுகிறார், கழுத்துப் பொத்தான் மட்டும் இன்னும் அம்மா.

புரை ஏறுவதுதான் தீரவில்லை. தண்ணீர், ரசம் என்றால் இருமல், கெட்டியான கேப்பைக் கூழ் சரியாக இறங்குகிறது. நிமிர்ந்து உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடுவதில்லை, அதற்குத்தான் தினமும் சண்டை. விழுங்கும் பயிற்சிக்கு அடுத்த வாரம் கூட்டிப்போகிறோம்.