எட்டு மணி நேரக் கூத்துக்கு ஏற்ற கையடக்க வீடியோ கேமரா எது?

கலவைக்காரன்:

என் தாய்மாமன் கூத்து வாத்தியார். எழுபது வயதைத் தாண்டியும் பங்குனி தொடங்கி ஆடி வரை கலவை, ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் பாரதம் நடக்கிற ஊர்களுக்கெல்லாம் தம் ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, போய் ஆடிவிட்டு வருகிறார். அவர் துரியோதனன் வேடம் கட்டி ஆடுவதை, திரைக்குப் பின்னாலிருந்து பாடத் தொடங்கும் முதல் அடியிலிருந்து விடியற்காலை வரை, ஓர் இரவாவது முழுமையாகப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. என்னிடம் 25,000 ரூபாய் இருக்கிறது. பெரிய கேமராவைக் கொண்டுபோய் நிறுத்தினால் இளம் நடிகர்கள் அதைப் பார்த்தே ஆடத் தொடங்கிவிடுகிறார்கள் என்று மாமா வருத்தப்பட்டதால், பைக்குள் அடங்கும் சிறிய வீடியோ கேமரா ஒன்றைத் தேடுகிறேன். இணையத்தில் 8,000 ரூபாய்க்கு "4கே, 48 மெகாபிக்ஸல், 16 மடங்கு ஜூம்" என்று போட்டு, கேள்விப்படாத பெயரில் ஒன்று விற்கிறார்கள். அதை நம்பி வாங்கலாமா?

காட்பாடி ரயிலடி:

வாங்காதீர்கள். பதினெட்டு ஆண்டுகள் கல்யாண வீடியோ எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த விளம்பரத்தில் இருக்கும் மூன்று எண்களில் எதுவுமே உங்களுக்கு உதவாது. 4கே படம் என்பது குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள். அதில் 16 மடங்கு டிஜிட்டல் ஜூம் போட்டால் மிஞ்சுவது 240க்கு 135 புள்ளிகள்தான். அதை இழுத்துப் பெரிதாக்கித் திரை முழுவதும் காட்டினால், உங்கள் மாமாவின் முகத்தில் அரிதாரம் எங்கே முடிகிறது, மீசை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஜூம் என்று எழுதியிருந்தால் அது லென்ஸ் நகர்ந்து செய்யும் ஆப்டிகல் ஜூமா என்பதை முதலில் கேளுங்கள்.

உங்கள் தொகைக்கு நான் சொல்வது சோனி ஹேண்டிகேம் சிஎக்ஸ் 405. 2015இல் வந்த மாடல். முழு எச்டி படம், 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், கை நடுக்கத்தை லென்ஸிலேயே சமன் செய்யும் வசதி எல்லாம் இதில் உண்டு. எடை கால் கிலோவுக்கும் குறைவு. சட்டைப் பையில் அடங்காவிட்டாலும் ஜோல்னாப் பையில் வைத்தால் வெளியே தெரியாது. மணிக்கணக்கில் ஓட்டுவதற்கென்றே செய்த கருவி என்பதால் அரை மணி நேரத்தில் தானாக நின்றுவிடும் தொல்லை இல்லை. புகைப்படக் கேமராக்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 நொடியில் வீடியோ நின்றுபோவதற்குக் காரணம், அரை மணியைத் தாண்டிப் பதிவு செய்யும் கருவிகளை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு ஐரோப்பாவில் போட்ட சுங்க வரிதான்.

சத்துவாச்சாரி வாசகர்:

காட்பாடி நண்பரின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் அவர் காட்டும் வழி பத்து ஆண்டுகள் பழையது. கையடக்க வீடியோ கேமரா என்ற இனமே ஏறக்குறைய முடிந்துபோன ஒன்று. 2007இல் அமெரிக்காவில் வந்த ஃபிளிப் என்ற சிறு கேமராவில் பதிவு செய்ய ஒரே ஒரு சிவப்புப் பொத்தான்தான் இருந்தது, அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். அந்த எளிமைக்காகவே மக்கள் விரும்பி வாங்கினார்கள். 2009இல் சிஸ்கோ நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கி, 2011 ஏப்ரலில் ஃபிளிப்பை மூடிவிட்டது. கோடாக்கும் இதே வகையில் இசட்ஐ6, இசட்ஐ8 என்று வெளியிட்டுப் பார்த்து, 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. எல்லார் கையிலும் இருந்த போனே அந்த வேலையைச் செய்யத் தொடங்கியதுதான் இதற்குப் பெரிய காரணம்.

சிஎக்ஸ் 405இன் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, 1/5.8 அங்குல வகை. இன்றைய நடுத்தர விலைப் போன்களில் முதன்மைக் கேமராவின் சென்சார் அதைவிடப் பல மடங்கு பரப்புள்ளது. கூத்து நடப்பது இரவில், வெளிச்சம் குறைவு. சின்னச் சென்சாரில் கறுப்பெல்லாம் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். ஆகவே 25,000 ரூபாய்க்கு ஒரு நல்ல போனும் ஒரு ஸ்டாண்டும் வாங்குங்கள், விமானப் பயன்முறையில் போட்டு ஓட விடுங்கள்.

காட்பாடி ரயிலடி:

இரவுக் காட்சியை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியில்லை. பாரதத்தில் அருச்சுனன் தபசும் துரியோதனன் படுகளமும் உண்டு. தபசு மரத்தின் உச்சியில் அருச்சுனன் வேடக்காரர் அமர்ந்து எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் கீழே எறியும்போது, சுற்றி நிற்கும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவர் கையைப் போனில் எப்படிக் காட்டுவீர்கள்? படுகளம் பகலில் நடக்கிறது. மண்ணால் செய்த அந்தப் பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி வீமன் ஓடி வரும் நேரத்தில் நம் ஊர் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெப்ப எல்லையே 35 டிகிரிதான், வேலூரில் மே மாதத்தில் 40ஐத் தாண்டுவது வழக்கம். போன ஆண்டு ஒரு படுகளத்தில், வீமன் தொடையில் அடிக்கும் நேரம் பார்த்து என் தங்கை மகனின் போன் சூடாகி, திரை இருண்டு, பதிவும் நின்றுபோனது. பையன் அழுதேவிட்டான்.

சத்துவாச்சாரி வாசகர்:

பகல் வெயிலைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். தபசுக்கு ஜூம் வேண்டும் என்பதும் சரி. ஆனால் கேள்வி கேட்டவர் விரும்புவது ஓர் இரவை முழுமையாகப் பதிய வேண்டும் என்பது. அந்த இரவில் நீங்கள் புகழும் 30 மடங்கு ஜூமே உங்களைக் கைவிடும் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். லென்ஸின் திறப்பை எஃப் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் வெளிச்சம் குறையும். அந்த லென்ஸ் விரிந்த நிலையில் எஃப் 1.8, முழுதாக இழுத்த நிலையில் எஃப் 4. நான்கை 1.8ஆல் வகுத்து இருமடியாக்கினால் ஏறக்குறைய ஐந்து வருகிறது. அதாவது முழு ஜூமில் சென்சாருக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம். ஏற்கெனவே சிறிய சென்சார், அதில் விழுவதும் ஐந்தில் ஒன்று என்றால், படத்தில் என்ன மிஞ்சும்?

கலவைக்காரன்:

இரு ஐயாக்களுக்கும் நன்றி. போனை வைப்பதானால் முன்வரிசைக்குப் போக வேண்டும் அல்லவா? எங்கள் ஊரில் களரியின், அதாவது ஆடுமிடத்தின், முன்பக்கம் பாட்டிமார்களும் பாய் விரித்துத் தூங்கும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். அவர்களை மறைத்து ஸ்டாண்டை நிறுத்துவதற்கு எனக்கு மனம் வராது, மாமாவும் விடமாட்டார்.

ஆற்காடு ஒலிப்பதிவு:

இத்தனை பேசியும் ஒலியைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். கூத்தில் பாதிக்கு மேல் பாட்டு. படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், விருத்தத்தின் சொல் விளங்காவிட்டால் அந்தப் பதிவு பேரனுக்குப் பயன்படாது.

போனானாலும் சிறிய கேமராவானாலும் ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும். மிருதங்கம் ஓங்கி அடிக்கும்போது அளவு தாழ்ந்து பாடுபவர் குரலும் சேர்ந்து அமுங்கும். அடி ஓய்ந்ததும் அளவு ஏறி, ஜெனரேட்டர் இரைச்சலும் பின்னால் டீக்கடையில் பேசும் பேச்சும் முன்னுக்கு வரும். முகவீணை ஊதும்போது கிறீச்சென்று உடையும். சிஎக்ஸ் 405இல் வெளி மைக் செருகும் துளையும் கிடையாது. அந்த வகையில் 2009இல் வந்த கோடாக் இசட்ஐ8 மேலானது, 3.5 மில்லிமீட்டர் மைக் துளையைச் சட்டைப் பைக்குள் அடங்கும் கேமராவில் வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் அதில் ஜூம் டிஜிட்டல்தான், கார்டும் 32 ஜிபிக்கு மேல் ஏற்காது, பழைய பேட்டரியை இன்று நம்ப முடியாது.

ஆகவே கேமராவுக்கான பணத்தில் ஒரு பகுதியை எடுத்துத் தனியாக ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவி வாங்குங்கள். ஜூம் என்ற கம்பெனியின் எச்1என் போன்றது போதும், சட்டைப் பையிலேயே வைக்கலாம். ஒலியளவைத் தானியங்கியில் விடாமல், மிருதங்கக்காரரைப் பலமாக ஒருமுறை வாசிக்கச் சொல்லி, அதற்கு ஏற்றபடி கையால் குறைத்து வைத்துக்கொண்டு, பின்பாட்டுக்காரர் பெஞ்சின் ஓரத்தில் ஒரு துண்டை மடித்து அதன் மேல் வையுங்கள். பெஞ்சின் அதிர்வு அப்படித்தான் அடங்கும். பிறகு படத்தையும் ஒலியையும் சேர்ப்பதற்குக் தாளத்தின் முதல் தட்டே போதும். எட்டு மணி நேரத்தில் இரண்டு கருவிகளின் கடிகாரமும் சற்றே விலகும் என்பதால், ஒவ்வொரு வேடமும் திரை வரும்போது புதிதாக ஒரு பொருத்தம் பாருங்கள்.

குடியாத்தம் தறி:

ஒலியைப் பற்றி ஆற்காட்டு நண்பர் சொன்னது எல்லாம் உண்மை. நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த கேமரா மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தை அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் தம் கேமராவில் எடுத்துக் கொடுத்தார். டியூப் லைட் எரிந்த இடமெல்லாம் படத்தில் கறுப்புப் பட்டை பட்டையாக மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டே இருந்தது, தாலி கட்டும் நேரத்திலும் அப்படித்தான். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. அமெரிக்கக் கேமரா 60 சுற்றுக்குச் செய்தது. இங்கே விற்கும், நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம் (படம்) எடுக்கும் மாடலை வாங்கி, ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை வராது. போனில் எடுத்தாலும் இதே கணக்குதான், 30 ஃபிரேமில் விட்டுவிடாமல் 25க்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

கலவைக்காரன்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நண்பர் ஒருவரிடம் சிஎக்ஸ் 405ஐ இரவல் வாங்கி, பக்கத்து ஊரில் மாமா ஆடிய கூத்துக்குப் போனேன். நீங்கள் ஒவ்வொருவரும் சொன்னதை அங்கே நேரில் பார்த்தேன்.

முதல் ஒரு மணி நேரம் கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஜூம் போட்டு எடுத்தேன். இருவர் திரையைப் பிடித்திருக்க, அதற்கு மேலே மாமாவின் கிரீடம் மட்டும் தெரிகிறது. அதில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றும் வெள்ளைப் பொட்டாக வெடித்து நிற்கின்றன, கீழே திரையின் சிவப்பு முழுவதும் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் ஓடுகின்றன. சத்துவாச்சாரி ஐயா போட்ட கணக்கு அப்படியே திரையில் இருந்தது.

பிறகு இடம் மாறினேன். பின்பாட்டுப் பெஞ்சின் வலது முனையில், ஹார்மோனியக்காரருக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்தால் யாரையும் மறைக்கவில்லை, ஆடுபவர் பதினைந்தடிக்குள் வந்து போகிறார். ஜூமைத் தொடாமல் முழு விரிவில் வைத்து எடுத்ததில் தோளில் கட்டும் புஜக்கட்டையின் மணிச்சரம் அசைவது வரை தெரிகிறது. முகம் பாதி நேரம் பக்கவாட்டில்தான் கிடைக்கிறது. ஆனால் வேறு எங்கிருந்தும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. மூச்சு வாங்க மாமா பெஞ்சுப் பக்கம் திரும்பும்போது அடுத்த அடியைப் பின்பாட்டுக்காரருக்குக் கண்ணால் சொல்கிறார். இத்தனை ஆண்டுகள் முன்னால் உட்கார்ந்து பார்த்த எனக்கு அது தெரியாது.

பாட்டு, கேமரா ஒலியில் ஆற்காட்டு நண்பர் சொன்னபடியே அமுங்கிப்போயிருக்கிறது.

சத்துவாச்சாரி வாசகர்:

பதினைந்தடியில் ஜூம் இல்லாமல் எடுப்பதானால் போன் இதைவிடத் தெளிவாக எடுக்கும் என்ற என் கருத்து மாறவில்லை. அதே இடத்தில் உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காட்பாடி ரயிலடி:

ஒரு காட்சிக்குத் தெளிவாக எடுக்கும். எட்டு மணி நேரம் எடுக்குமா என்பதுதான் கேள்வி. பழைய ஹேண்டிகேமைக் கடையில் பார்க்கும்போது கலவை நண்பர் மூன்றைச் சோதிக்க வேண்டும். மின்னிணைப்பிலோ பவர் பேங்கிலோ செருகியபடியே பதிவு தொடர்கிறதா, லென்ஸ் மூடி முழுதாகத் திறந்து மூடுகிறதா, வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தால் கறை ஏதும் தெரிகிறதா. அடுத்து, கார்டு. ஏவிசிஎச்டி என்ற பதிவு முறையில் நொடிக்கு 17 மெகாபிட் தரத்தில் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 7.6 ஜிபி, எட்டு மணி நேரத்துக்கு 61 ஜிபி. 64 ஜிபி கார்டு விளிம்பில் நிற்கும், ஆகவே 128 வாங்குங்கள். அதையே 50 மெகாபிட் தரத்துக்கு ஏற்றினால் 180 ஜிபி வேண்டும். படம் எடுப்பதற்கென்று யார் முகத்திலும் தனி விளக்கு மட்டும் அடித்துவிடாதீர்கள், வேடத்தில் இருப்பவருக்குக் கண் கூசினால் அடவு தவறும்.

கலவைக்காரன்:

வேலூர் அண்ணா சாலையில் ஒரு கடையில் பழைய சிஎக்ஸ் 405ஐ 11,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறேன். வெள்ளைச் சுவர்ச் சோதனையும் பவர் பேங்க் சோதனையும் செய்து பார்த்துவிட்டேன். மீதிப் பணத்தில் ஒலிப்பதிவுக் கருவியும் 128 ஜிபி கார்டும் வருகின்றன. சத்துவாச்சாரி ஐயா சொன்ன ஒப்பீட்டுக்காக, துரியோதனன் திரை வரும் முதல் அரை மணி நேரம் மட்டும் என் மனைவி தம் போனில், அதே பெஞ்சு முனையிலிருந்து 25 ஃபிரேமில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை இரவு மாமாவுக்கு ஆட்டம். ஜமாவில் எல்லாரிடமும் பதிவுக்குச் சம்மதம் கேட்டுவிட்டேன். மிருதங்கக்காரர் மட்டும், துண்டைக் கொண்டுவர வேண்டாம், தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றார்.